வினாடிக்கு ஐந்து

பிப்ரவரி 4

பீட்ரூட் பேரரசின் சக்கரவர்த்தியும், கண்ணுக்குத் தெரியாத பைகளின் காவலனும், தலையில் பதினேழு முடியோடு உலகை எதிர்த்து நிற்கும் மாவீரனுமாகிய உன் மாமா, தன் ஒரே அக்காளின் ஒரே மகளான சுண்டெலிக்கு எழுதுவது. இங்கே நானும் முந்நூறு பீட்ரூட்டுகளும் சுகம். அங்கே நீயும், உன் அம்மாவும், அவளுடைய மூட்டுவலியும் சுகமா?

போனில் பேசினால் என்ன குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டிருந்தாய். குறைந்துதான் போவேன். போனில் பொய் சொன்னால் தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். காகிதம் அப்படியில்லை. எதையும் தாங்கும், யாரையும் காட்டிக்கொடுக்காது. என்னைப்போல் நாளொன்றுக்கு நாற்பது பொய் சொல்கிறவனுக்குக் கடிதம்தான் சௌகரியம்.

உன் மாமா என்ன வேலை பார்க்கிறார் என்று அலுவலகத்தில் கேட்டார்களாம், நீ "ஏதோ பீட்ரூட் நறுக்குவார்" என்றாயாம். அடிப்பாவி! குறித்துக்கொள். செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பை இருக்கிறது. வாக்குவோல் என்று பெயர். விருந்துக்கு வந்து போகாமல் தங்கிவிட்ட சொந்தக்காரன் மாதிரி முக்கால் வீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் தோலில் பம்புகள் உண்டு. அவை புரோட்டான்களை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். எலுமிச்சம்பழம் புளிப்பது அந்தத் தள்ளலால்தான். தோலோ ஒழுகல் தோல். தள்ளத் தள்ளக் கசியும். பார்க்கிறவனுக்குப் பை சும்மா கிடக்கிறது போலத் தெரியும். சும்மா கிடப்பதற்கே பம்பு ராப்பகலாய் ஓட வேண்டும்.

இதில் இரண்டாவது ரகப் பம்பு ஒன்று. செல் கழித்துப்போடுகிற குப்பையைத் தின்று ஓடுகிறது. உள்ளே புளிப்பு ஏறி ஏறி, எந்த வோல்டேஜில் அது மூச்சு முட்டி நின்று பின்னால் ஓடத் தொடங்குகிறது? அந்த ஒரு எண்தான் எனக்கு வேண்டும். நாற்பது பைகளில் அளந்தால் எண் உறுதி. முப்பத்தொன்று முடிந்தது. இருபத்தாறு வருஷமாக மற்றவர்களின் எண்களுக்குக் கூலிவேலை பார்த்தவன் நான். இது என் எண். வருஷக் கடைசிக்குள் மீதி ஒன்பது.

அதற்குக் கை வேண்டும், சுண்டெலி. தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமுள்ள கண்ணாடிக் குழாய் முனையைப் பையின் மேல் வைத்து, உறிஞ்சி ஒட்ட வேண்டும். ஒரு தும்மல் போதும், பை வெடித்துவிடும். ஒட்டியபின் யாரும் மேஜையைத் தொடக் கூடாது. மேஜையே காற்றுமெத்தையில் மிதக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நேற்று முழங்கையை ஊன்றினாள். "கைய எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று மாடி தாண்டி ஒருவருக்குப் பல் விழுந்ததாம். ஆனால் நான் மட்டும் இடக்கையை மேஜை விளிம்பில் வைத்திருப்பேன். பால் கறக்கிறவன் மாட்டின் மேல் ஒரு கை வைத்திருப்பானே, அதுபோல. மலை நடுங்கினாலும் இந்தக் கை நடுங்காது. விதிவிலக்கு.

அம்மாவுக்கு என் கோபத்தையும், உனக்கு என் ஆசியையும் மாற்றிக் கொடுத்துவிடாமல் சேர்ப்பிக்கவும்.

பீ.பே. சக்கரவர்த்தி,
உன் மாமா

பிப்ரவரி 20

அன்புள்ள சக்கரவர்த்தி மாமாவுக்கு,

நாங்கள் நலம். மூட்டுவலியும் நலமாக, முன்பைவிடத் தெம்பாக இருக்கிறது. நீங்களும் குடிமக்களாகிய பீட்ரூட்டுகளும் நலந்தானே?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக்காட்டினேன். அம்மா கேட்டது இவ்வளவுதான்: "அது கெடக்கட்டும். அவன் சாப்பிடுறானா? பீட்ரூட்டையே மொறச்சிப் பாத்துட்டுப் பட்டினி கெடக்கப்போறான்." பதில் எழுதவும். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, வயிறு நிறைகிற மாதிரிப் பொய்யாக இருக்கட்டும்.

என் வேலை மட்டும் என்ன இளப்பமா? பத்திரப் பதிவு அலுவலகத்தில் இப்போது என்னைக் கையெழுத்து ஒப்பிடும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய பத்திரம் இடப்பக்கம், புதியது வலப்பக்கம், நடுவில் லென்ஸ். போன வாரம் ஒருவன் தன் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்தான். அச்சு அசலாகப் பழையதைப் போலவே இருந்தது. அதனால்தான் மாட்டிக்கொண்டான். எங்கள் மேலாளர் அம்மா சொல்வார்: "நெஜக் கையெழுத்து ரெண்டு தடவ ஒரே மாதிரி வராது. அப்படியே இருந்தாத்தான் சந்தேகப்படணும்."

அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், பாவம்.

அன்புடன்,
சுண்டெலி

மார்ச் 15

சுண்டெலியாருக்கு மாமாவின் வாழ்த்து. சாப்பிடுகிறேன். நேற்று ஒரு யானையைச் சாப்பிட்டேன், தும்பிக்கையை மட்டும் மிச்சம் வைத்தேன். அம்மாவிடம் சொல். எல்லோரும் நலமென நம்புகிறேன்.

இங்கே ஒரு பிசாசு புகுந்திருக்கிறது. முப்பத்திரண்டாவது பை அருமையாக ஒட்டியது. பம்பின் மின்னோட்டம் திரையில் கோடாக ஏறியது. ஒரு டார்ச் விளக்கின் மின்சாரத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு! அந்தக் கோட்டின் மேல், குளத்தில் கல் போட்டது மாதிரி, சின்னச் சின்ன அலை. எண்ணிப் பார்த்தேன். வினாடிக்கு ஐந்து. அலையோடு எடுத்த அளவு குப்பைக்குத்தான் போகும். அடுத்த பையிலும் அதே ஐந்து. அதற்கடுத்ததிலும்.

எங்கள் மின்சாரக்காரரைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்று சொல்லிவிட்டு அப்புறம் கேள்வியைக் கேட்கிற ஞானி அவர்.

"கரண்ட்டா இருந்தா அம்பது வரும் சார். அஞ்சு வராது. கரண்ட்ட சொல்லாதீங்க."

"அப்ப லிஃப்ட்டு?"

"லிஃப்ட்டு ஓடுனாத்தானே? அது ரெண்டு மாசமாப் படுத்துக் கெடக்கு."

குளிர்ப்பெட்டியை நிறுத்தினேன். ஐந்து. பக்கத்து அறைச் சுழல் இயந்திரத்தை நிறுத்தினேன். ஐந்து. தெருவில் தார் போடுகிறவர்களிடம் போய், விஞ்ஞானத்தின் பேரால் ஒரு மணிநேரம் உருளையை நிறுத்தும்படி கெஞ்சினேன். அவர்கள் மகிழ்ச்சியாக நிறுத்திப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். அப்போதும் ஐந்து.

பிடிக்காமல் விடமாட்டேன். பூமி உருண்டையையே நிறுத்த வேண்டுமென்றாலும் நிறுத்துவேன். நீங்கள் எல்லோரும் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பீ.பே. சக்கரவர்த்தி மாமா

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே சுகம். பூமி இன்னும் சுற்றுகிறது. யானைச் செய்தியைக் கேட்டு அம்மா, "அப்ப ஒண்ணும் சாப்பிடல" என்று சொல்லிவிட்டாள்.

பிசாசு கிடைத்ததா? கிடைத்தால் ஓட்டிவிடாதீர்கள், எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மேலாளர் அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை.

ஒரு கேள்வி. காகிதத்தில் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? முன்பெல்லாம் உங்கள் 'ழ' ஒன்றே அரை வரியைப் பிடிக்கும். இப்போது கடிதம் முழுக்க எறும்பு வரிசை. வரி ஆரம்பத்தில் எறும்பு, முடிவில் எறும்புக்குஞ்சு. அம்மாவுக்கு வாசிக்க ஆபீஸ் லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கொஞ்சம் தாராளமாக எழுதுங்கள், சக்கரவர்த்திக்கு அழகு அதுதான்.

அன்புடன்,
சுண்டெலி

மே 10

சுண்டெலிக்கு. நலம். நலமறிய ஆவல்.

எழுத்து சிறுத்ததற்குக் காரணம் புதுப் பேனா. முனை ஊசி மாதிரி. தவிர, சின்னச் சின்னப் பைகளையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு உலகமே அந்த அளவில்தான் தெரியும்.

போன ஞாயிறு கட்டடம் முழுவதையும் இருட்டாக்கினேன். பெரியவரிடம் (எங்கள் தலைவர், என்னைவிட எட்டு வயது சின்னவர்) அனுமதி வாங்கி, ஐந்து மாடியிலும் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். மின்சாரக்காரர் சுவிட்சை இறக்க இறக்க, புதுப் பெண் கத்துவாள்: "மூணாவது மாடி முடிஞ்சது ஐயா!" நான் திரையைப் பார்த்துக் கத்துவேன்: "இன்னும் இருக்கு!" கடைசியில் என் கருவி ஒன்றுதான் பேட்டரியில் ஓடியது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஓர் ஈ மூச்சுவிட்டால் கேட்டிருக்கும். பை பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது, அதன் பம்பு பாட்டுக்கு ஓடியது, நான் எப்போதும்போல விளிம்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஐந்து.

மின்சாரக்காரர் இருட்டில் நின்றபடி சொன்னார்: "இனிமே நிறுத்துறதுக்கு நாம மூணு பேருதான் சார் பாக்கி."

எல்லோரும் சிரித்தோம். புதுப் பெண் சிரிக்கவில்லை. அவளுக்கு ஊசிக்கை என்று பெயர் வைத்திருக்கிறேன். கை அவ்வளவு நிதானம்.

இன்னும் முப்பத்தொன்றுதான். பெரியவர் தினமும் வாசலில் நின்று இருமுகிறார்.

மாமா

மே 28

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று விடுமுறை. உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தரையில் தேதிவாரியாகப் பரப்பினேன். மூன்று வருஷத்துக் கடிதங்கள். வேலைப் பழக்கம், மன்னித்துவிடுங்கள். பேனா மாறியதென்றீர்கள். மாறவில்லை, அதே நீல மை, அதே முனைக் கீறல். மாறியது வேறு. போன வருஷம் ஒரு வரிக்கு ஆறு வார்த்தை. இப்போது பதினைந்து. கையெழுத்தில் வரும் சுழி முதலில் மொட்டைமாடியிலிருந்து பட்டம் விட்ட மாதிரி இருக்கும். இப்போது அது ஒரு புள்ளி.

அம்மா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பாவுக்கும் இப்படித்தான். வேல செய்யும்போது கை ஒழுங்கா இருக்கும். சும்மா மடியில வச்சிருந்தா ஆடும். கடைசியில டம்ளர்ல பாதிதான் ஊத்திக் குடுப்போம். உன் மாமாதான் புடிச்சுக்குவான், பத்து வயசுல." அப்புறம் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அங்கே அடுப்பு எரியவில்லை.

மாமா, அந்தக் கட்டடத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினீர்களே, மேஜை விளிம்பில் இருந்த கையை எடுத்தீர்களா?

சுண்டெலி

ஜூலை 19

அன்புள்ள மாமாவுக்கு,

நான் எழுதி ஏழு வாரமாகியும் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "ஐயா பக்கத்துலதான் இருக்காங்க, ஒரு நிமிஷம்" என்றாள். பிறகு திரும்பி வந்து, "இல்லீங்க, வெளிய போயிட்டாங்களாம்" என்றாள். 'போயிட்டாங்களாம்' என்று அவளைச் சொல்ல வைத்தது யாரென்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதங்கள் இரண்டை டாக்டரிடம் காட்டினேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. எழுத்தைப் பார்த்ததுமே, "இவருக்கு வயசு என்ன?" என்றார். நடுக்குவாதமாக இருக்கலாம், ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். மருந்து உண்டாம். குணமாகுமா என்று கேட்டேன். "மருந்து உண்டு" என்றே மறுபடியும் சொன்னார்.

நான் இங்கே உட்கார்ந்துகொண்டு லென்ஸ் வழியாக உங்களைப் பார்க்கிறேன். அதற்குமேல் என்னால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வரி எழுதுங்கள். பொய்யாகவே இருக்கட்டும்.

சுண்டெலி

ஆகஸ்ட் 11

சுண்டெலிக்கு,

நலம். இங்கே நல்ல மழை. பீட்ரூட் விளைச்சல் அமோகம். ஒவ்வொன்றும் லாரி சக்கரம் அளவு.

பிசாசைப் பிடித்துவிட்டேன். ஒரு பழைய இயந்திரம். இந்தக் கட்டடத்துக்கு இருபத்தாறு வருஷத்துக்கு முன் வந்தது. அதை யாரும் சந்தேகப்படவில்லை. உதிரிபாகம் கிடைக்காத ரகம். எண்ணெய் போட்டால் கொஞ்சநாள் ஓடும் என்கிறார்கள். போடுகிறேன், வேளைக்கு ஒன்றாக.

அலை போய்விட்டது. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று முடிந்தது.

அம்மாவிடம் டம்ளர் கதையை இனிமேல் சொல்ல வேண்டாம் என்று சொல்.

மாமா

ஆகஸ்ட் 30

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த இயந்திரம் எங்களுக்குப் பழக்கப்பட்டதுதான். அது எங்களைச் சிரிக்கவைத்த நாட்களுக்குக் கணக்கில்லை. அதனால் அதைப் பற்றி எங்களிடம் இப்படிப் பேச வேண்டியதில்லை.

டிசம்பரில் விடுப்பு கிடைத்திருக்கிறது, வருகிறேன். அம்மாவும் வருவேன் என்கிறாள். "மாடி ஏற முடியாதேம்மா" என்றால், "அவனக் கீழ எறங்கி வரச்சொல்லு" என்கிறாள். எழுதக் கஷ்டமாக இருந்தால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள். யார் கையாக இருந்தாலும், பொய் உங்களுடையதாக இருந்தால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

சுண்டெலி

நவம்பர் 2

நாற்பது பைகளின் நாயகனும், ஐந்து மாடிகளை இருட்டில் ஆழ்த்திய அசகாயசூரனும், பதினேழில் மூன்றை இழந்து இப்போது பதினான்கு முடியோடு போர்க்களத்தில் நிற்பவனுமாகிய உன் மாமா, வாயால் சொல்லிப் பிறர் கையால் எழுதுவது. பார், எழுத்து எவ்வளவு பெரிது! எழுதுகிறவள் ஊசிக்கை. பழங்கால மன்னர்கள் யாராவது தாங்களே எழுதினார்களா? சொன்னார்கள், எழுத ஆள் இருந்தது. நான் இப்போதுதான் முறைப்படி சக்கரவர்த்தி ஆகியிருக்கிறேன்.

இங்கே நலம். நீயும், அம்மாவும், மாடி ஏறாத முழங்காலும் நலந்தானே?

நீ கேட்டாயே, கையை எடுத்தீர்களா என்று. உன் கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை. அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் மேஜை விளிம்பில் கையை வைத்துத்தான் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். நாற்பது நாள் அப்படி உட்கார்ந்தேன், சுண்டெலி. எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எடுக்காதவரை அது லிஃப்ட்டாகவும் இருக்கலாம், தார் உருளையாகவும் இருக்கலாம்.

ஒருநாள் பை ஒட்டியிருந்தது. அலை ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து இந்தப் பெண், இப்போது எழுதுகிறாளே இவள்தான், மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, கைய எடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மறுபடியும், "கொஞ்சம் கைய எடுங்க ஐயா" என்றாள்.

எடுத்தேன். கோடு, தண்ணீரில் விட்ட நூல் மாதிரி, நேராகப் போயிற்று.

(ஐயா இந்த இடத்தில் எழுந்துபோய் மேஜை விளிம்பைத் துடைத்துவிட்டு வந்தார். – எழுதுபவள்)

என்ன எழுதுகிறாய்? அதை அடி. அடிக்காவிட்டால் போகட்டும்.

கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பை எடுத்தேன். அதற்குப்பின் வலக்கையும் சேர்ந்துகொண்டது. அது நடுங்கவில்லை, குழாயை நகர்த்துகிற திருகைத் திருப்பு என்றால் யோசிக்கிறது. பெரியவரைப் போல, நாளைக்குப் பார்க்கலாம் என்கிறது. குழாய் முனை பைக்கு முன்னால் நிற்கும், நான் திருப்பச் சொல்லிக்கொண்டிருப்பேன், அதற்குள் பை மிதந்து போய்விடும். ஒரே நாளில் பதினொரு பை போயிற்று. மீதி ஏழும் இவள் எடுத்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொன்னேன். அவள் ஏற்கெனவே மெதுவாகத்தான் செய்துகொண்டிருந்தாள். சொல்வதற்கு வேறொன்றும் என்னிடம் இல்லை.

எண் வந்துவிட்டது. பம்பு எங்கே நிற்கிறது, எங்கே பின்னால் ஓடத் தொடங்குகிறது என்று இப்போது தசம புள்ளி வரை தெரியும். பெரியவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் குலுக்கி முடித்த பிறகும் அது குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் சன்னல் பக்கம் பார்த்தார்.

மருந்து சாப்பிடுகிறேன். மாத்திரை ஒவ்வொன்றும் தேர்ச்சக்கரம் அளவு. இது பொய் என்று உனக்குத் தெரியும். காலையில் கொஞ்சம் அடங்குகிறது, மதியத்துக்குமேல் திரும்புகிறது. பம்பு ஓய்ந்துபோனால் பை என்ன ஆகும் என்று இருபத்தாறு வருஷம் பார்த்தவன் நான். அதனால் யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பரில் வாருங்கள். அம்மாவுக்காகக் கீழே இறங்கி வருகிறேன். எனக்கு டம்ளரில் பாதி ஊற்றுவாள். அப்போது நீ வேறு பக்கம் பார்க்காதே, அவளும் முகத்தைத் திருப்ப வேண்டாம். நான் என் அப்பாவின் டம்ளரைப் பிடித்தபோது ஒருநாளும் வேறு பக்கம் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு வேலை. சக்கரவர்த்தியின் கடிதத்துக்குக் கையெழுத்து வேண்டுமே. பேனாவைக் கொடுத்தால் புள்ளிதான் வருகிறது. அதை உன் லென்ஸ்கூட நம்பாது. அதனால் நேற்று இவளை ஒரு பை ஒட்டச் சொன்னேன். நல்ல பை, சிவப்பாக, பம்பு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரையும் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, மேஜை விளிம்பில், என் பழைய இடத்தில், இடக்கையை வைத்தேன். திரையில் ஓடிய கோட்டை இவள் காகிதத்தில் பதியவிட்டாள்.

அந்தத் துண்டைக் கீழே ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இடப்பக்கம் என் பழைய கடிதத்தை வை, வலப்பக்கம் இதை வை. முன்னதைப் போல இருக்காது. அப்படியே இருந்தால்தான் சந்தேகப்படணும் என்று உன் மேலாளர் அம்மா சொன்னாரே.

இப்படிக்கு,

(இதன் கீழே விரலகலக் காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஐந்து வினாடி. இருபத்தைந்து அலைகள்.)